திரைப்படப் பரிசும் தீர்ப்புரைப்போர் பொறுப்பும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    



ஆண்டு விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, விலகிக்கொள்ளவே நினைத்தோம். பள்ளி இறுதி வகுப்போடு பாட ஏட்டை மூடிவிட்டு, சரக்கு அலுவலகத்துப் பேரேட்டைத் திறந்தோம். அதன்பின் குறளையும் சிலம்பையும் மேடையேறி விளக்கும் தகுதியைத் தேட நேரம் வாய்க்கவில்லை. ஆயினும், "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்று அவர் வற்புறுத்தவே, நம் குடும்பங்கள் யாவற்றிற்கும் தெரிந்த பொருளாகிய திரைப்படத்தைப் பற்றி, அதிலும் குறிப்பாக விமரிசகர்கள் ஆண்டுதோறும் கூடித் தேர்ந்தளிக்கும் பரிசுகளைப் பற்றிச் சில சொல்ல இசைந்தோம்.

படம் பார்ப்பது பொழுதுபோக்கு. அதற்கு எவர் பரிசளித்தால் நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். தாயகத்தில் வாழ்வோர் அவ்வாறு எண்ணினால் அதனால் வரும் இழப்புச் சிறிது. அவர்க்குக் கடைத்தெருவிலும் தமிழ் உண்டு, கோயில் வாயிலிலும் தமிழ் உண்டு. வங்க நாட்டில், கரக்பூர் இரயில்வே காலனியில் வாழும் நமது நிலை வேறு. நம் குழந்தை வீதியில் இந்தியும் வங்காளமும் பேசுகிறது. பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறது. தமிழ் அதன் செவியில் விழுவது இரண்டே இடங்களில்: ஒன்று அன்னையின் அடுக்களை, மற்றொன்று திரைப்படம். அடுக்களைத் தமிழ் அன்பு நிறைந்தது. ஆனால் அளவிற் சிறியது. மற்றத் தமிழையெல்லாம், தமிழ் நிலத்தையும், அந்நிலத்து மக்கள் வாழும் வகையையும், நம் பிள்ளைகள் திரையிலேதான் காண்கின்றனர். ஆகவே, எந்தப் படத்தை அவர்க்குக் காட்டுவது என்பது இக்காலனியில் பொழுதுபோக்கு வினா அன்று. கல்வி பற்றிய வினாவாகும்.

ஆயினும் நாம் அதை எவ்வாறு முடிவு செய்கிறோம்? சங்கத்தின் சார்பில் படம் போடும் நாள் நெருங்கினால் இன்ஸ்டிடியூட் மண்டபத்தில் எழும் சச்சரவை நீங்கள் அறிவீர்கள். ஒரு சாரார் ஒரு நடிகர் பெயரைச் சொல்வர். மறு சாரார் மற்றொரு நடிகர் பெயரைச் சொல்வர். எவர் குரல் ஓங்கிற்றோ அவர் படம் திரையேறும். படம் எப்படிப்பட்டது என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை.

எடை போடுபவர் எவர்?

நம் சரக்கு அலுவலகத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால் நாம் கூற வந்தது எளிதில் விளங்கும். ஒரு வணிகர் மூட்டைகளைக் கொண்டுவந்து, "உள்ளே முதல்தரச் சீரகம், எடை இத்தனை" என்கிறார். அவர் சொல்வதை இரயில்வே மறுப்பதில்லை. அதற்காக ஏற்பதும் இல்லை. உள்ளிருப்பதைப் பற்றி, "இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகிறது" என்று இரசீதில் எழுதுகிறோம். எடையை நம் தராசிலேயே நிறுத்துப் பார்க்கிறோம். அனுப்புபவர் நல்லவராகவே இருக்கலாம். எனினும் தம் சரக்கிற்குத் தாமே எடை சொல்ல அவர்க்கு உரிமை இல்லை.

திரைப்பட விளம்பரம் அனைத்தும் "இருப்பதாகச் சொல்லப்படுகிறது" என்னும் இனத்தைச் சேர்ந்தது. அதை நிறுத்துப் பார்க்கும் தராசு எது என்பதே கேள்வி. பரிசு என்று பெயர் பெற்ற தராசுகள் பல. அமெரிக்காவில் 1929ஆம் ஆண்டு முதல் வழங்கப்பெறும் ஆஸ்கார் பரிசு, படத்தொழிலில் இருப்போர் தம்முள் வாக்களித்துத் தருவது. நம் நாட்டில் 1954இல் தொடங்கிய ஃபிலிம்பேர் பரிசு முதலில் வாசகர் வாக்கினால் அமைந்தது. அதே 1954இல், முந்திய ஆண்டுப் படங்களுக்காகத் தொடங்கிய தேசிய விருது, அரசு அமைக்கும் நடுவர் குழுவின் முடிவு. இவை ஒவ்வொன்றிற்கும் உரிய பயன் உண்டு. தொழிலாளர் தம் தொழிலைத் தாமே அறிவர்; வாசகர் தம் உள்ளத்தைத் தாமே அறிவர்; அரசு பொதுநலம் கருதும். ஆனால் முதலதில் நட்பும் பகையும் நுழையும். இரண்டாவதில் புகழ் தன்னையே மீண்டும் புகழ்ந்துகொள்ளும். மூன்றாவதில் அரசின் விருப்பு வெறுப்புப் பற்றிய ஐயம் எழும்.

நான்காவது தராசு விமரிசகர் பரிசு. படத்தின் வரவிலும் செலவிலும் பங்கில்லாதவர், ஆண்டு முழுதும் நல்லதும் தீயதுமாகிய படங்கள் அனைத்தையும் பார்க்கக் கடமைப்பட்டவர், தம் கருத்தைத் தம் பெயரிட்டு அச்சில் ஏற்றுபவர், ஆகிய இவர்கள் ஓரிடத்தில் அமர்ந்து வாக்களிப்பது அது. அதில் பணமுடிப்பு இருப்பது அரிது. ஒரு பத்திரமும் ஒரு செய்தியுமே அதன் பெறுமதி. அப்பெறுமதி எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சில வரலாறுகளைச் சொல்வோம்.

நியூயார்க்கில் தொடங்கியது

1935ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் பத்திரிகை விமரிசகர்கள் ஒரு வட்டமாகக் கூடினர். படங்களைச் செய்யும் ஹாலிவுட் நாட்டின் மேற்குக் கோடியில் இருந்தது. இவர்கள் இருந்தது கிழக்குக் கோடியில். இத்தொலைவே இவர்க்கு ஒரு வலிமை ஆயிற்று. முதல் ஆண்டில் 'தி இன்ஃபார்மர்' என்னும் படத்தைச் சிறந்ததென்றும், அதை இயக்கிய ஜான் ஃபோர்டைச் சிறந்த இயக்குநர் என்றும் தேர்ந்தனர். தொடக்க நாளில் ஒரு படம் வெல்ல வேண்டுமாயின் மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெறவேண்டும் என்று விதி வைத்திருந்தனர். ஒரு சுற்றில் முடியாதாயின் மறு சுற்று. விவாதித்து, மீண்டும் வாக்கு. வாக்கு விவரமும் பத்திரிகையில் வெளியாகும்.

1941இல் இவ்வட்டத்திற்கு ஒரு சோதனை வந்தது. ஆர்சன் வெல்ஸ் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் 'சிட்டிசன் கேன்' என்னும் படத்தை எடுத்தார். அமெரிக்காவின் பெரும் பத்திரிகை முதலாளியாகிய ஹர்ஸ்ட் என்பாரின் வாழ்க்கையைச் சாடையாகக் காட்டுவதென்று அதற்குப் பெயர். அவருடைய பத்திரிகைகள் அப்படத்தின் விளம்பரத்தைக்கூட ஏற்க மறுத்தன. ஆஸ்கார் விழாவில் ஒன்பது பிரிவுகளுக்கு அதன் பெயர் முன்மொழியப்பட்டும், திரைக்கதைக்கு ஒன்றே ஒன்று கிடைத்தது. ஆனால் நியூயார்க் விமரிசகர்கள் அதையே அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தனர். வாக்களித்தோர் பத்திரிகைகளில் ஊதியம் பெற்றவர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பத்திரிகை முதலாளி ஒருவரின் சினம் அவர்க்குத் தொலைவிலுள்ள பொருளன்று. பின்னாளில், 1962 முதல் 2002 வரை, பத்தாண்டுக்கு ஒருமுறை உலக விமரிசகர்களிடையே ஓர் ஆங்கில இதழ் நடத்திய வாக்கெடுப்பு ஒவ்வொன்றிலும் அப்படமே முதலிடம் பெற்றது.

இவ்வட்டத்தின் வரலாற்றில் மற்றொரு செய்தியும் உண்டு. 1962ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகரத்துப் பத்திரிகை அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 114 நாட்கள் பத்திரிகைகள் வெளிவரவில்லை. அவ்வாண்டு விமரிசகர் பரிசும் அறிவிக்கப்படவில்லை. விமரிசகர் பரிசு என்பது பதக்கம் அன்று, பத்திரிகையில் அச்சாகும் காரணமே என்பதை இதனினும் தெளிவாக எவர் காட்டவல்லார்?

கல்கத்தா காட்டிய வழி

இத்தனையும் கடல் கடந்த கதை. நம் வாயிலிலேயே, நாம் பிழைக்க வந்த இந்த வங்க நாட்டிலேயே, இத்தகைய முயற்சி ஏறக்குறைய அதே காலத்தில் தோன்றியது. 1937இல் கல்கத்தாவில் வங்காளத் திரைப்படப் பத்திரிகையாளர் சங்கம் நிறுவப்பட்டது. இந்தியாவில் திரைப்பட விமரிசகர்கள் அமைத்த சங்கங்களில் மிகப் பழமையானது அதுவே. ஃபிலிம்பேரும் தேசிய விருதும் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அது பரிசளிக்கத் தொடங்கிவிட்டது. அச்சங்கம் வங்காளப் படங்களை மட்டும் பாராட்டி நின்றுவிடவில்லை. இந்திப் படங்களுக்கெனத் தனிப் பகுதி வைத்தது. ஆண்டின் சிறந்த இந்தியப் படங்கள் இவை என்று வரிசைப்படுத்தியும் அறிவித்தது.

சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலா, 1961இல் வெளிவந்த 'கங்கா ஜமுனா' என்னும் படத்தில் நாட்டுப்புற வழக்கில் பேசும் கிராமத்துப் பெண்ணாக நடித்தார். அந்நடிப்பிற்காக இந்திப் பகுதியில் சிறந்த நடிகை என்று இச்சங்கம் அவரைத் தேர்ந்தது. தமிழ்ப்பெண் ஒருவர், நாட்டுப்புற வழக்கில் பேசி, இந்திப் படத்தில் நடிக்க, அதை வங்காளத்து விமரிசகர் பாராட்டினர். பிறப்பை நோக்காமல் பணியை நோக்குவதே எடை போடுவோர்க்கு அழகு என்பதற்கு இது போதிய சான்றாகும்.

வங்காளிகளின் இந்தப் பழக்கம் பரிசோடு நிற்கவில்லை. 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கூடிக் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியை அமைத்தனர். உலகப் படங்களைத் தருவித்துப் பார்த்தனர், பார்த்ததை விவாதித்தனர், விவாதித்ததை எழுதினர். அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்த ஒருவரே பின்னர்ப் 'பதேர் பாஞ்சாலி'யைப் படைத்தார்.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு அப்படத்தின்மேல் தனி உரிமை உண்டு. அக்காளும் தம்பியும் நாணற்பூக் காட்டினூடே ஓடி முதன்முதலாக இரயிலைக் காணும் காட்சியை அறியாதார் இலர். அது நம் கிழக்கு இரயில்வேயில், பர்த்வானுக்கு அருகில் பால்சிட் என்னும் சிற்றூர்ப் பக்கத்தில் எடுக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு நாள் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் சென்று பார்த்தபோது பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீதிக் காட்சிக்காக அடுத்த ஆண்டுப் பூக்கும் வரையில் காத்திருந்தனர். பணமின்றிப் பலமுறை நின்ற அப்படத்திற்கு இறுதியில் மேற்கு வங்க அரசு நிதி தந்தது. படத்தின் பெயரில் 'பாதை' என்ற சொல் இருந்தமையால், அத்தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டதாகச் சொல்வர். கணக்கு எழுதும் நமக்கு அதைக் கேட்கும்தோறும் நகைப்பு வருகிறது. அந்தப் பாதை இன்றும் பழுதின்றி இருக்கிறதே என்ற வியப்பும் வருகிறது.

ஒரு பரிசு ஒரு படத்தைக் காத்தது

விமரிசகர் பரிசால் என்ன நடந்துவிடும் என்று கேட்போர்க்கு 1985இல் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். டெர்ரி கில்லியம் என்னும் இயக்குநர் 'பிரேசில்' என்று ஒரு படம் எடுத்தார். பெயர்தான் பிரேசில், கதை அந்நாட்டைப் பற்றியதன்று. அலுவலகக் காகிதங்களின் ஆட்சியில் மனிதன் நசுங்குவதைச் சொல்வது. ஒரு காகிதத்தில் ஓர் எழுத்துத் தவறாக விழ, ஒரு குற்றமும் அறியாதவன் சிறைப்பட்டு மாள்கிறான். படிவங்களிடையே வாழும் நம் போன்றோர்க்கு அது வெறுங்கதையாகத் தோன்றாது.

அமெரிக்காவில் அதை வெளியிட வேண்டிய நிறுவனம் முடிவு துயரமாக இருக்கிறதென்று கூறி, படத்தைக் குறைத்து மாற்ற முற்பட்டது. இயக்குநர் இணங்கவில்லை. "என் படத்தை எப்பொழுது வெளியிடப் போகிறீர்கள்?" என்ற பொருள்பட ஒரு தொழில் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமே வெளியிட்டார். நிறுவனம் அசையவில்லை. அந்நிலையில், 1975 முதல் இயங்கிவந்த லாஸ் ஏஞ்சலிஸ் விமரிசகர் சங்கம், அதுவரை அமெரிக்கத் திரையரங்கில் வெளிவராத அப்படத்தைக் கண்டு, 1985ஆம் ஆண்டின் சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த திரைக்கதை என்று மூன்று பரிசுகளையும் அதற்கே அளித்தது. அதன்பின் நிறுவனம் படத்தை வெளியிட்டது. பணத்தால் ஆகாததும், வழக்கால் ஆகாததும், சில எழுத்தாளர் கூடி உரைத்த ஒரு தீர்ப்பால் ஆயிற்று.

விமரிசகரும் தவறுவர்

இதைக் கேட்டு, விமரிசகர் அனைவரும் பிழையற்ற நீதிபதிகள் என்று எண்ணிவிடக்கூடாது. 1958இல் 'பதேர் பாஞ்சாலி' நியூயார்க்கில் திரையிடப்பட்டபோது, அந்நகரத்தின் தலைமை விமரிசகர்களுள் ஒருவரான பாஸ்லி கிரௌதர், அதன் கட்டமைப்புச் செப்பமற்றது என்று குறைத்து எழுதினார். ஆனால் மக்கள் அவர் சொல்லோடு நிற்காமல் சென்று பார்த்தனர். ஒரே அரங்கில் அப்படம் எட்டு மாதம் ஓடிற்று. விமரிசகர் தவறும்போது பார்ப்போர் திருத்துவர். பார்ப்போர் மயங்கும்போது விமரிசகர் உணர்த்துவர். இருவரும் விழித்திருந்தால் கலை வாழும்.

கருத்துத் தவறு மன்னிக்கத்தக்கது. கைம்மாறு பெறும் தவறு அவ்வாறன்று. ஹாலிவுட்டில் இருந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் ஒன்று 1944 முதல் கோல்டன் குளோப் என்னும் பரிசை வழங்கிவந்தது. 1982இல் ஒரு புதுமுக நடிகைக்கு அது பரிசளித்தபோது, அவருடைய செல்வக் கணவர் வாக்களிப்போரைத் தம் கேளிக்கை விடுதிக்கு அழைத்து உபசரித்திருந்தார் என்ற செய்தி பரவி, பரிசே நகைப்பிற்கிடமாயிற்று. 2021இல் ஒரு நாளேடு ஆராய்ந்து எழுதியபோது, அச்சங்கத்து உறுப்பினர் 87 பேரில் கறுப்பினத்தவர் ஒருவரும் இலர் என்பதும் வெளிப்பட்டது. 2022ஆம் ஆண்டு விழாவை ஒளிபரப்பத் தொலைக்காட்சி நிறுவனம் மறுத்தது. 2023இல் அச்சங்கம் கலைக்கப்பட்டு, பரிசு தனியார் கைக்கு விற்கப்பட்டது. எண்பதாண்டுக் காலம் ஒளிவீசிய ஒரு பரிசு, யார் வாக்களிக்கிறார், எவ்வாறு வாக்களிக்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடைசொல்ல இயலாமல் உருமாறியது. தராசில் ஒருவன் கை வைத்தான் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், பிறகு அது சரியாகக் காட்டும் எடையையும் எவரும் நம்பார்.

இதற்கு மாறாக, அமெரிக்காவிலேயே 1966இல் தோன்றிய தேசிய விமரிசகர் கழகத்தின் முறையைப் பாருங்கள். ஒவ்வோர் உறுப்பினரும் மூன்று பெயர்களை எழுதுகிறார். முதலுக்கு மூன்று மதிப்பு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று. கூட்டிப் பார்த்து அறிவிக்கும்போது, வென்றவர் பெற்ற எண்ணையும் அடுத்து வந்தவர் பெற்ற எண்ணையும் சேர்த்தே வெளியிடுகின்றனர். ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. நம் காலனிச் சிறுவரும் புரிந்துகொள்ளும் கணக்கு இது.

தமிழ்ப்படம் எங்கே?

அன்பர்களே! இனி நம் நெஞ்சைத் தொடும் செய்திக்கு வருவோம். 1930இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் தோன்றிய பன்னாட்டுத் திரைப்பட விமரிசகர் கூட்டமைப்பிற்கு இந்தியாவிலும் ஒரு கிளை உண்டு. 2022ஆம் ஆண்டில் அக்கிளையின் உறுப்பினர் முப்பதுபேர் மறைவாக வாக்களித்து, இந்தியாவில் இதுவரை எடுக்கப்பட்ட படங்களில் தலைசிறந்த பத்தைத் தேர்ந்தனர். 'பதேர் பாஞ்சாலி' முதலிடம் பெற்றது. ரித்விக் கட்டக்கின் 'மேகே டாக்கா தாரா' இரண்டாவது. தொடர்ந்து 'புவன் ஷோம்', 'எலிப்பத்தாயம்', 'கடஸ்ராத்த', 'கரம் ஹவா', 'சாருலதா', 'அங்குர்', 'பியாசா', 'ஷோலே' என்பன. வங்காளம் மூன்று, மலையாளம் ஒன்று, கன்னடம் ஒன்று, இந்தி ஐந்து. தமிழ் ஒன்றும் இல்லை.

இதைக் கேட்டவுடன் சினந்து, வடவர் சதி என்று கூறிவிடுவது எளிது. மலையாளத்திற்கும் கன்னடத்திற்கும் இடம் தந்தோர் தமிழுக்கு மட்டும் பகைவர் ஆவரோ? சற்றே பொறுமையாக எண்ணிப் பார்ப்போம்.

அப்பத்தில் ஏழாவதாக நிற்கும் 'சாருலதா' 1964ஆம் ஆண்டுப் படம். அவ்வாண்டின் தேசிய விருதுகளில் அது குடியரசுத் தலைவரின் பொற்பதக்கம் பெற்றது. அதே ஆண்டுக்குரிய அதே விருதில், அகில இந்தியாவிலும் மூன்றாவது சிறந்த படம் என்று நற்சான்று பெற்றது எது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்'. ஒரே பந்தியில் அமர்ந்த இரு படங்களில் ஒன்றை உலகமே அறியும். மற்றொன்றை நம் காலனியிலேயே பார்த்தவரைத் தேடவேண்டியிருக்கிறது. ஏன்? சாருலதாவைப் பற்றி வங்காளிகள் அறுபதாண்டாகப் பேசிக்கொண்டே இருக்கின்றனர். தேநீர்க் கடையில் பேசுகின்றனர், பத்திரிகையில் எழுதுகின்றனர், ஃபிலிம் சொசைட்டியில் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கின்றனர், தம் பிள்ளைகளுக்கும் காட்டுகின்றனர். நாமோ பரிசு கிடைத்த அன்று கைதட்டினோம், மறுநாள் மறந்தோம்.

இன்னும் ஒன்று. 1954ஆம் ஆண்டில் அரசின் சிறப்பைப் பெற்ற தமிழ்ப்படங்களுள் இரண்டைச் சொல்வோம். ஒன்று, எம். ஜி. இராமச்சந்திரன் நடித்த 'மலைக்கள்ளன்'; தமிழில் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதற்படம் அது. மற்றொன்று, எஸ். பாலசந்தர் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த 'அந்த நாள்'. அது நற்சான்று பெற்றது. முன்னது வசூலில் கொழித்தது. பாட்டு ஒன்றுகூட இல்லாத பின்னது வசூலில் தோற்றது. ஆயினும் இன்று திரைக்கலை பயிலும் மாணவர் தேடிப் பார்ப்பது எதை? 'அந்த நாள்' படத்தையே. கூட்டம் கைவிட்ட அப்படத்தை, அதன் அருமை அறிந்து எழுதியவர்களே எழுத்தால் தாங்கிக் காத்தனர்.

தமிழில் விமரிசன மரபு இல்லையென்று கூறமுடியாது. கல்கி அவர்கள் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய இசை, நடன விமரிசனங்களை மக்கள் காத்திருந்து படித்தனர். பின்னர் அதே இதழ் படங்களுக்கு மதிப்பெண் போட்டபோது, 1977இல் வந்த '16 வயதினிலே' பெற்ற 62.5 மதிப்பெண்ணை நம் தந்தையர் பள்ளித் தேர்வு முடிவைப்போல் நினைவில் வைத்திருந்தனர். நூற்றுக்கு அறுபத்திரண்டரை பெற்றதற்கே ஊர் கொண்டாடியது என்றால், அந்தத் தராசின் கண்டிப்பை மக்கள் மதித்தனர் என்பது பொருள். எல்லாருக்கும் நூறு போடும் ஆசிரியரை எந்த மாணவனும் மதிப்பதில்லை.

நம் சங்கம் செய்யத்தக்கது

ஆகவே, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். கைப்பேசியிலேயே ஆயிரம் படம் கிடைக்கும் இந்நாளில், படம் கிடைக்காமை நம் குறையன்று; தேரத் தெரியாமையே குறை. அடுத்த ஆண்டு முதல் சங்கத்தில் படம் போடுவதைக் கூச்சலால் முடிவு செய்யாமல், எடை போட்டு முடிவு செய்வோம்.

காலனியின் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒருவரைத் தேர்வோம். அவருள் பாதிப்பேரேனும் தாய்மார்களாக இருக்கட்டும். இளைஞர் இருவரும் இருக்கட்டும். அவர்கள் ஆண்டு முழுதும் தமிழ்ப்படங்களைப் பார்க்கட்டும். புதியனவற்றோடு பழையன சிலவற்றையும் சேர்க்கட்டும். விழாவிற்கு முன் கூடி மூன்று, இரண்டு, ஒன்று என்று மதிப்பிடட்டும். முடிவை எண்ணோடு அறிவிக்கட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொருவரும் தாம் ஏன் அப்படத்தைத் தேர்ந்தோம் என்பதை இந்த ஆண்டு மலரிலேயே பத்து வரி, தம் பெயரிட்டுத் தமிழில் எழுதட்டும். பெயரிட்டு எழுதவேண்டும் என்றால் நா அடங்கும், அறிவு விழிக்கும். பத்து வரி தமிழ் எழுதப் பழகிய இளைஞன் நூறு வரி எழுதுவான். பரிசினும் பெரிய பயன் அதுவே.

விழாவிற்கு நன்கொடை தருவோர் நம் நன்றிக்கு உரியர். அவர் பெயரை மலரின் முதற்பக்கத்தில் பொறிப்போம். ஆனால் வாக்குச் சீட்டில் அவர்க்குத் தனி இடம் வேண்டா. இதனை அவர்களும் மகிழ்வோடு ஒப்புவர் என்றே நம்புகிறோம்.

தேர்ந்த படத்தைக் காட்டும் நாளில் நம் வங்காள நண்பர்களையும் தெலுங்கு நண்பர்களையும் அழைப்போம். அவர்கள் 'பதேர் பாஞ்சாலி'யைத் தம் பெருமையாக நமக்குக் காட்டினர். நாமும் அதை நம்முடையதாகவே ஏற்றோம். நம் பெருமையை நாம் அவர்க்குக் காட்ட வேண்டாவா? காட்டுவதற்கு முன் அது எது என்று நாம் அறிந்திருக்க வேண்டாவா? இன்னொரு முறை முப்பதுபேர் கூடிப் பத்துப் படங்களைத் தேரும்போது தமிழும் அங்கே இடம் பெறவேண்டுமாயின், அதற்கான பேச்சு சென்னையில் மட்டும் பிறந்தால் போதாது. தமிழர் வாழும் ஒவ்வொரு காலனியிலும் பிறத்தல் வேண்டும்.

நேரம் மிகுந்துவிட்டது. சிறுவர்களின் நாட்டியம் காத்திருக்கிறது. தாய்மார்களின் பொறுமைக்கும் எல்லை உண்டு. 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!